நூறு குதிப்பில் வராத வலு

குதிப்புப் பயிற்சியைப் பற்றித் தமிழ்நாட்டு மைதானங்களில் வேரூன்றிப்போன நம்பிக்கை ஒன்று உண்டு: எத்தனை முறை குதிக்கிறோமோ அந்த அளவுக்குக் காலில் வலு ஏறும். விடியற்காலையில் பள்ளி மைதானத்தில் கூடும் கைப்பந்துப் பிள்ளைகள், கபடிக் குழுக்கள், காவலர் உடல்தகுதித் தேர்வுக்காக நீளம் தாண்டிப் பழகும் இளைஞர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே பயிற்சிதான். மைதானத்தைச் சுற்றித் தவளைப் பாய்ச்சல், கேலரிப் படிகளில் இரட்டைக் கால் தாவல், முட்டி மார்பைத் தொடும் குதிப்பு நூறு, மூச்சு வாங்கினாலும் நிறுத்தக் கூடாது என்ற கட்டளை. நகரத்து ஜிம்மில் இதே நம்பிக்கை கடிகாரத்தோடு வருகிறது: ஒரு நிமிடத்தில் எத்தனை முறை பெட்டி மேல் ஏறிக் குதிக்க முடியும் என்ற கணக்கு. மறுநாள் தொடை நடுங்கி, படி இறங்கக் கைப்பிடி தேவைப்பட்டால் பயிற்சி பலித்துவிட்டதாக எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த நம்பிக்கை தவறு. எந்த ஆற்றலை வளர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு இந்தப் பயிற்சி நடக்கிறதோ, அந்த ஆற்றலையே அது மழுங்கடிக்கிறது.

வெடிப்பாற்றல் என்பது விசையும் வேகமும் சேர்ந்தது. ஒருவரால் எவ்வளவு விசை தர முடியும் என்பதோடு, கிடைக்கிற நேரத்துக்குள் அதில் எவ்வளவைத் தர முடியும் என்பதும் முக்கியம். தசை தன் முழு விசையை எட்டுவதற்கு ஏறத்தாழ 0.3 விநாடியோ அதற்கு மேலோ தேவை. விளையாட்டு அந்த நேரத்தைத் தருவதில்லை. உச்ச வேகத்தில் ஓடும் 100 மீட்டர் வீரரின் பாதம் தரையில் இருப்பது சுமார் 0.1 விநாடி, சிறந்தவர்களுக்கு அதைவிடவும் குறைவு. நீளம் தாண்டுபவர் பலகையை மிதித்து எழும்புவதற்குச் சுமார் 0.12 விநாடி ஆகிறது. உயரம் தாண்டுபவருக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். ஆகவே, 200 கிலோவைத் தோளில் வைத்து ஸ்குவாட் செய்து எழுபவரின் வலு முழுவதும் பலகையின் மேல் வந்து சேர்வதே இல்லை. வருவதற்குள் பாதம் தரையை விட்டுப் போய்விடுகிறது.

இந்தக் குறுகிய நேரத்துக்குள் பெரிய விசையை எழுப்ப உடலுக்கு ஒரு வழி இருக்கிறது. பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே, நரம்பு மண்டலம் கெண்டைக்கால் தசையையும் தொடைத் தசையையும் இறுக்கி வைக்கிறது. தரை பட்டதும் இறுகிய தசை அதிகம் நீள்வதில்லை. நீட்சியின் பெரும்பகுதியைக் குதிகால் தசைநாண் ஏற்றுக்கொண்டு, வில்லின் நாண் போல ஆற்றலைச் சேமித்து, உடனே திருப்பித் தருகிறது. நீண்டு சுருங்கும் இந்தச் சுழற்சியில் தசை தரும் வேலை வெறும் சுருக்கத்தில் தருவதைவிட அதிகம் என்பதை 1960களில் இத்தாலியின் ஜொவானி கவான்யாவும் அவர் குழுவினரும் சோதனைகளில் காட்டினார்கள். பயிற்சி நூல்கள் இந்தச் சுழற்சியை இரண்டாகப் பிரிக்கின்றன. தரைத் தொடுகை 0.25 விநாடிக்குள் முடிந்தால் வேகச் சுழற்சி, அதைத் தாண்டினால் மெதுச் சுழற்சி. ஓட்டமும் தாண்டுதலும் முதல் வகை. குந்தி உட்கார்ந்து எழும் தவளைப் பாய்ச்சலில் பாதம் அரை விநாடிக்கும் மேல் தரையில் கிடக்கிறது. அது இரண்டாம் வகையின் கடைக்கோடி. பெயரில் பாய்ச்சல் இருந்தாலும், நீளம் தாண்டுபவருக்கு வேண்டிய திறனை அது தொடுவதில்லை.

இந்தப் பயிற்சிமுறை பிறந்த இடத்தைப் பார்த்தால் பிழை எங்கே நுழைந்தது என்பது தெளிவாகும். சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி 1950களின் இறுதியில் மும்முறைத் தாண்டுதல் வீரர்களை ஆராய்ந்தார். ஒவ்வொரு அடியிலும் ஒற்றைக் காலில் விழும் சுமை, பார்பெல் வைத்துச் செய்யும் எந்தப் பயிற்சியிலும் கிடைக்காத அளவு பெரியது. அது நீடிக்கும் நேரமோ கண்ணிமைப் பொழுது. அந்த அதிர்ச்சியையே பயிற்சியாக்க முடியுமா என்று யோசித்தவர், குறிப்பிட்ட உயரத்திலிருந்து இறங்கி, தரை பட்ட கணமே மேலே எழும்பும் ஆழக் குதிப்பை வகுத்தார். இதற்கு அவர் வைத்த பெயர் அதிர்ச்சி முறை. தேர்ந்த வீரருக்கு அவர் சொன்ன அளவு பத்துப் பத்தாக நான்கு சுற்று, அதாவது மொத்தம் 40 குதிப்பு. அதுவும் வாரத்துக்கு ஓரிரு முறை, சுற்றுகளுக்கு இடையே நீண்ட ஓய்வோடு. கீழ்நிலை வீரருக்கு இதைவிடவும் குறைவு. சோவியத் நாட்டின் உச்ச வீரர்களுக்கே 40 போதும் என்று மூலவர் சொன்ன பயிற்சியில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு 300 வாங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை.

மேற்கு நாடுகளுக்கு இது போய்ச் சேர்ந்த விதமும் கோணலானது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சோவியத் வீரர் வலேரி போர்சோவ் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். கிழக்கு ஐரோப்பிய வீரர்களின் பயிற்சியில் குதிப்பு பெரிய இடம் பெற்றிருந்ததை மற்றவர்கள் கவனித்தார்கள். 1948, 1952 ஒலிம்பிக் போட்டிகளில் அமெரிக்காவுக்காக நெடுந்தூரம் ஓடிய ஃப்ரெட் வில்ட் 1975இல் இதற்குப் பிளையோமெட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். அதிகம், அளவு என்று பொருள்படும் கிரேக்க வேர்ச்சொற்களிலிருந்து பிறந்த பெயர் அது. கூடிய அளவு ஆற்றல் என்பதே கருத்து. உலகம் அதைக் கூடிய அளவு குதிப்பு என்று எடுத்துக்கொண்டது போலத்தான் பின்னால் நடந்திருக்கிறது. பார்த்தவர் கண்ணில் பட்டது குதிப்பு. கண்ணில் படாமல் போனது இடையிலிருந்த ஓய்வு. வெர்கோஷான்ஸ்கியின் பழைய பெயரே நிலைத்திருந்தால் இந்தக் குழப்பம் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அதிர்ச்சி என்று பெயரிட்ட ஒன்றை நூறு முறை கொடுக்க யாருக்கும் மனம் வராது.

ஒரே ஒரு குதிப்பை அருகில் நின்று பார்த்தால் எண்ணிக்கைக் கணக்கின் வெறுமை புரியும். 40 செ.மீ. உயரப் பெட்டியிலிருந்து ஒரு காலை முன்னே நீட்டி இறங்கும் வீரர் தரையைத் தொடும்போது அவர் வேகம் விநாடிக்கு 2.8 மீட்டர். சரியாகப் பழகியவரின் இறங்கல் ‘டப்’ என்ற ஒரு சின்ன ஓசையோடு முடியும். முன்பாதம் முதலில் படும், குதிகால் தரையை உரசுவது போல வந்து திரும்பிவிடும், முழங்கால் கொஞ்சமே மடங்கும், உடல் உடனே மேலே போய்விடும். பழகாதவரிடம் இரண்டு ஓசை கேட்கும். முன்பாதம் ஒன்று, குதிகால் அறையும் ஓசை இன்னொன்று. இடுப்பு தாழும், முட்டிகள் ஒன்றையொன்று நோக்கிச் சாயும், அதன் பிறகுதான் எழும்புவார்.

இதை அளக்க ஆய்வகம் வேண்டியதில்லை. விநாடிக்கு 240 படம் பிடிக்கும் செல்போனைத் தரையோரம் வைத்தால் போதும். முதல் வீரரின் பாதம் 48 படங்களில் தரையில் இருக்கிறது, 120 படங்களில் காற்றில் இருக்கிறது என்று கொள்வோம். தொடுகை 0.2 விநாடி, எழும்பிய உயரம் சுமார் 31 செ.மீ. இரண்டாமவர் 84 படங்கள் தரையில், 126 படங்கள் காற்றில். தொடுகை 0.35 விநாடி, உயரம் சுமார் 34 செ.மீ. சுவரில் கோடு போட்டு அளக்கும் பயிற்சியாளர் இரண்டாமவரையே பாராட்டுவார். ஆனால், மீட்டரில் கணக்கிட்ட உயரத்தைத் தொடுகை நேரத்தால் வகுத்தால் முதலாமவருக்கு 1.5க்கு மேல் வருகிறது, இரண்டாமவருக்கு ஒன்றுகூட இல்லை. எதிர்வினை வலு என்று பயிற்சித் துறையில் சொல்லப்படுவது இந்த விகிதத்தைத்தான். பலகை தருவது 0.12 விநாடி என்றால், 0.35 விநாடியில் கிடைத்த அந்த 34 செ.மீ. போட்டியில் எங்கும் செல்லுபடியாகாது.

இதே முதல் வீரரை நிறுத்தாமல் குதிக்க வைத்தால் என்ன ஆகும்? உடனடி உழைப்புக்குத் தசை நம்பியிருக்கும் பாஸ்போகிரியேட்டின் இருப்பு முழுமூச்சு உழைப்பில் பத்து விநாடிக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அது பாதியளவு மீள அரை நிமிடம் ஆகும், ஏறக்குறைய முழுதும் மீள மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். ஓய்வு தராவிட்டால் எட்டாவது, பத்தாவது குதிப்பிலேயே தொடுகை நீளத் தொடங்கும். 48 படம் 60 ஆகும், பிறகு 80 ஆகும். வேக இழைகளைக் கொண்ட பெரிய இயக்க அலகுகளே முதலில் களைத்துப் பின்வாங்குகின்றன. எஞ்சியிருப்பவை களைப்பைத் தாங்கும் மெது இழைகள். நூறாவது குதிப்பில் உழைப்பது அவைதான். அந்த வீரர் கற்பதும் மெதுவாகக் குதிப்பதைத்தான். நரம்பு மண்டலம் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதைப் பழகிக்கொள்ளும். நல்ல குதிப்பு எது, கெட்ட குதிப்பு எது என்று பிரித்துப் பார்த்து நல்லதை மட்டும் பழகும் வசதி அதற்குக் கிடையாது.

மறுநாள் வலியைப் பயிற்சியின் சான்றாகக் கொள்வதும் இதே பிழையின் கிளை. தசை நீண்டபடியே சுமை தாங்கும்போது, பழக்கமில்லாத எவருக்கும் ஓரிரு நாள் வலி வரும். மலைக்கோவில் படிகளில் இறங்கி வந்தவருக்கும் அதே வலிதான் வருகிறது. அவர் உயரம் தாண்டும் வீரராகிவிடுவதில்லை.

எண்ணிக்கைக் கட்சியின் வலுவான வாதம் அனுபவத்திலிருந்து வருகிறது. ‘எங்கள் பிள்ளைகள் நூறு நூறாகத்தான் குதித்தார்கள், மாவட்டப் போட்டியில் ஜெயித்தார்களே’ என்பார்கள். ஜெயித்தது உண்மையாகவே இருக்கலாம். ஒன்றும் செய்யாதிருந்த உடல் எதைச் செய்தாலும் முதல் சில மாதம் முன்னேறும். பதினான்கு, பதினைந்து வயதில் வளர்ச்சியே பாதி வேலையைச் செய்துவிடும். அந்தப் பிள்ளைகளைக் குறைவாக, கூர்மையாகக் குதிக்க வைத்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு நெருக்கமான பதில் 2008இல் ஸ்பெயின் ஆய்வாளர் சாயஸ் டி வில்லாரியலும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. உடற்கல்வி மாணவர்கள் ஏழு வாரம் ஆழக் குதிப்புப் பழகினார்கள். வாரம் ஒரு நாள் பழகிய குழு மொத்தம் 420 முறை குதித்தது, இரண்டு நாள் குழு 840, நான்கு நாள் குழு 1680. 20 மீட்டர் ஓட்டத்திலும், தரைத் தொடுகை நேரத்திலும், உச்ச வலுவிலும் 420 குதித்தவர்கள் 1680 குதித்தவர்களுக்கு நிகராக முன்னேறியிருந்தார்கள். எழும்பும் உயரத்தில் நான்கு நாள் குழுவின் சராசரி சற்றுக் கூடுதலாகத் தெரிந்தாலும், இரண்டு நாள் குழு பாதிக் குதிப்பிலேயே அதற்கு ஒப்பான பலனைப் பெற்றது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அங்கே மிக அதிகமாகக் குதித்த குழுவுக்குக்கூட ஒரு நாளைக்கு 60 குதிப்புதான். நம் மைதானங்களில் அது வார்ம்-அப்பிலேயே தீர்ந்துவிடும்.

அமெரிக்க வலுப் பயிற்சியாளர் சங்கத்தின் பாடநூல் தரும் அளவும் தொலைவில் இல்லை. தொடக்க நிலையினருக்கு ஒரு நாளில் 80 முதல் 100 தரைத் தொடுகை, இடைநிலைக்கு 100 முதல் 120, தேர்ந்தவருக்கு 120 முதல் 140. இதில் கணுக்காலால் துள்ளும் இலேசான துள்ளல்களும் சேரும். உயரத்திலிருந்து இறங்கும் குதிப்புக்கு இந்த எண்ணைப் பொருத்தினால் அது தவறான வாசிப்பு.

வீணாவது மட்டும் என்றால் இதை இவ்வளவு எழுத வேண்டியதில்லை. முழங்கால் கெட்டுப்போகிறது. தசை சில வாரங்களில் வலுப்படும்; தசைநாண் அதன் பின்னால் மெதுவாகத்தான் வரும், அதற்குப் பல மாதம் வேண்டும். தசை தாங்குகிறதே என்று குதிப்பைக் கூட்டிக்கொண்டே போனால் முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் நைந்துபோகும். தாண்டுவோர் முட்டி என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்தக் கோளாறு நார்வேயின் உயர்நிலை வீரர்களிடம் நடந்த ஆய்வில் கைப்பந்து வீரர்களில் 45 சதவீதம் பேருக்கும், கூடைப்பந்து வீரர்களில் 32 சதவீதம் பேருக்கும் இருந்தது. ஆய்வு 2005இல் வெளியானது. கைப்பந்தில் அடிப்பவரும் தடுப்பவரும் ஒரு ஆட்டத்திலேயே பல பத்து முறை எழும்புகிறார்கள். அந்தக் கணக்கைச் சேர்க்காமல், ஆட்டம் முடிந்த மாலையிலேயே ‘இன்னும் நூறு’ போடச் சொல்வது, ஏற்கெனவே நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றுவது. சில்லுக்குக் கீழே விரல் வைத்தால் வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையிடம் ‘சூடு ஏறினால் சரியாகிவிடும்’ என்று சொல்லப்படுகிறது. சூடு ஏறினால் வலி தணிவது உண்மைதான். இந்த நோயின் இயல்பே அது. மறுநாள் காலையில் அதிகமாகத் திரும்பி வரும்.

உயரமான பெட்டி மேல் ஏறிக் குதிக்கும் வேடிக்கையும் ஆற்றலின் அளவாகக் காட்டப்படுகிறது. 120 செ.மீ. பெட்டி மேல் ஏறியவர் 120 செ.மீ. எழும்பினார் என்று பார்ப்பவர் நினைக்கிறார். இடுப்பு எவ்வளவு உயர்ந்தது என்று பார்த்தால் உண்மை தெரியும். முட்டியைத் தாடை வரை மடக்கிப் பாதத்தை விளிம்பில் வைத்துவிடுவதால் உயரம் கூடியதாகத் தோன்றுகிறது. அளக்கப்படுவது பெரும்பாலும் இடுப்பின் வளைவு. தவறினால் கணைக்கால் தோல் விளிம்பில் உரிந்துபோகும். இறங்கும் பெட்டிக்கும் இதே கதைதான். 40ஐ 80 ஆக்கினால் உள்வாங்க வேண்டிய ஆற்றல் இரட்டிப்பாகும். குதிகால் தரையில் அறைந்தால் பெட்டி அவருக்கு உயரம் அதிகம். 30 செ.மீ. பெட்டியில் நல்ல விகிதம் காட்டும் வீரருக்கு அடுத்த வீரரின் பெட்டியைப் பார்த்து வெட்கப்பட ஒன்றுமில்லை.

மணலைப் பற்றி ஒரு சொல். மெரினா மணலில் ஓடிக் குதித்தால் கால் இரும்பாகும் என்பது சென்னையின் பழைய நம்பிக்கை. மணல் அதிர்ச்சியைக் குறைக்கிறது, வலியும் குறைவு; காயத்திலிருந்து மீள்பவருக்கும் பருவத்தின் தொடக்கத்துக்கும் அது நல்ல இடம். ஆனால் தசைநாண் சேமித்த ஆற்றலை மணல் விழுங்கிவிடுகிறது. கூர்மையான தொடுகையைப் பழகப் புல்தரையோ செயற்கை ஓடுதளமோதான் வேண்டும்.

எண்ணிக்கைக்கு எதிராகப் பேசினால் சிலர் மறுகோடிக்குப் போய், குதிப்புப் பயிற்சியே பிள்ளைகளுக்கு ஆபத்து, வளர்ச்சி நின்றுவிடும், உடல் எடையைப் போல் ஒன்றரை மடங்கு ஸ்குவாட் செய்யும் வரை தொடக்கூடாது என்கிறார்கள். இதற்கும் ஆதாரம் இல்லை. பாண்டி ஆடும் சிறுமியும் கயிறு தாண்டும் சிறுவனும் இலேசான குதிப்புப் பயிற்சியைத்தான் செய்கிறார்கள். ஒன்றரை மடங்கு என்ற விதி உயரத்திலிருந்து இறங்கும் கடும் குதிப்புகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்ட எச்சரிக்கை. எல்லாக் குதிப்புக்கும் அதைப் பூட்டாகப் போடுவது பொருந்தாது. அமெரிக்காவில் டிமோத்தி ஹெவெட்டும் சக ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரம் இறங்கல் முறையோடு குதிக்கப் பழகிய பள்ளி மாணவியரைவிட, பழகாத மாணவியருக்கு முழங்கால் காயம் 3.6 மடங்கு அதிகமாக ஏற்பட்டது. சரியாகச் சொல்லிக்கொடுத்த குதிப்பு முட்டியைக் காப்பாற்றுகிறது. களைத்த பிறகும் தொடரும் குதிப்பே அதைக் கெடுக்கிறது.

உலகின் தலைசிறந்த குதிப்புகள் எவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் நடக்கின்றன என்பதையும் பார்க்கலாம். மும்முறைத் தாண்டுதல் இறுதிப் போட்டியில் ஒருவருக்கு அதிகபட்சம் ஆறு வாய்ப்பு. ஒவ்வொன்றிலும் எழும்பும் மிதி மூன்று, ஆக மொத்தம் 18 தொடுகை. இடையில் பல நிமிட ஓய்வு. 1995 ஆகஸ்ட் 7 அன்று கோத்தன்பர்க்கில் ஜொனாதன் எட்வர்ட்ஸ் 18.29 மீட்டர் தாண்டி வைத்த உலகச் சாதனை மூன்றே மிதிகளில் நடந்தது. அவர் மெலிந்த உடல்வாகுக்காரர். தரையில் நேரத்தை வீணாக்காமல் வேகத்தைக் கடைசி மிதி வரை காத்துக்கொண்டதே அந்தத் தாண்டலின் சிறப்பு. தமிழ்நாட்டைச் சேர்ந்த பிரவீன் சித்திரவேல் 2023இல் ஹவானாவில் 17.37 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை படைத்ததும், அதே ஆண்டு ஜெஸ்வின் ஆல்ட்ரின் நீளம் தாண்டுதலில் 8.42 மீட்டரை எட்டியதும் இதே வகை நிகழ்வுகளில்தான். இப்படிப்பட்ட விளையாட்டுக்கு இடைவிடாத முந்நூறு குதிப்பில் தயாராவது, நூறு மீட்டர் ஓட்டத்துக்கு நடைப்பயணம் போய்த் தயாராவது போன்றது.

முறையான ஏற்பாடு எளியது. முதல் சில வாரம் இறங்கல் மட்டும்: 20, 30 செ.மீ. உயரத்திலிருந்து இறங்கி, அசையாமல் நின்று, முட்டி உள்ளே சாயாமல் பார்த்துக்கொள்வது. அடுத்து கணுக்கால் துள்ளல், தாழ்ந்த தடைகள், கயிறு. பிறகே ஒற்றைக் கால் தாவல்கள், அதன் பின் ஆழக் குதிப்பு. ஒரு சுற்றுக்கு ஐந்தாறு குதிப்பு, சுற்றுகளுக்கு இடையே இரண்டு மூன்று நிமிடம், ஆழக் குதிப்பானால் அதற்கும் மேல். பயிற்சி நாட்களுக்கு இடையே 48 முதல் 72 மணி நேரம். ஓட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் பிறகு செய்யாமல், உடல் சூடானதும் முதல் வேலையாகச் செய்ய வேண்டும். ஆட்டத்தில் எழும்பிய எண்ணிக்கையும் வாரக் கணக்கில் சேர வேண்டும். ஓய்வு நேரத்தில் பிள்ளைகள் சும்மா நிற்பதைப் பார்த்துப் பெற்றோரும் தலைமை ஆசிரியரும் கேள்வி கேட்பார்கள். அந்த நிற்றல் பயிற்சியின் பகுதி என்பதைப் பயிற்சியாளர் விளக்கித்தான் ஆக வேண்டும்.

எப்போது நிறுத்துவது என்பதைச் செல்போன் சொல்லும். அன்றைய முதல் சுற்றில் 48 படமாக இருந்த தொடுகை 55ஐத் தாண்டினாலோ, ‘டப்’ என்ற ஒற்றை ஓசை இரண்டாகப் பிரிந்து கேட்டாலோ, திட்டத்தில் இன்னும் பத்துக் குதிப்பு மீதமிருந்தாலும் அன்றைய குதிப்பு முடிந்தது.